கையெழுத்துப் போடுகிறவர்: வடசென்னையிலிருந்து சைபர் பாதுகாப்புத் தலைமை வரை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நான் 'ஹேக்கர் அண்ணன்'. யாருடைய இன்ஸ்டாகிராம் கணக்கு பறிபோனாலும், யாருக்கு ஓடிபி கேட்டு போன் வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அடிக்கச் சொல்வேன். மற்றதற்கெல்லாம் டீ குடித்துக்கொண்டே வழி சொல்வேன். நான் ஹேக்கர் இல்லை என்று திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரியாக இருக்கிறேன். சிஐஎஸ்ஓ என்று எழுதுவோம், பேச்சில் 'சீசோ'.

போன மாதம் பி.காம். முடித்த பையன் ஒருவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, நானும் உங்க லைன்ல வரணும். எந்த கோர்ஸ் சேரட்டும்?" என்றான். கோர்ஸ் கேள்விக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டியிருந்ததுதான் இரண்டு மணி நேரம் பிடித்தது. அம்மா நடுவில் எழுந்துபோய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அன்று சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஏறப்போகும் இடத்தை முதலில் பாருங்கள்

என் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் லாரி வரிசை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. கேட்டுக்கு வந்ததும் ஒருவர் கன்டெய்னர் கதவிலுள்ள சீல் நம்பரைப் படித்து, காகிதத்திலுள்ள நம்பரோடு ஒப்பிடுவார். ஓர் எண் மாறினாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். டிரைவர் எவ்வளவு பழக்கமானவர், கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. அப்பா அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் "அந்த ஆளு லாரி முதலாளிகிட்ட சம்பளம் வாங்கினா சீல் பார்ப்பானா?" என்றும் அவரேதான் சொல்வார்.

சிஐஎஸ்ஓ பதவியின் அடிப்படை அந்தக் கேள்வியில் இருக்கிறது. 1994இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து விளாதிமிர் லெவின் என்பவர் சிட்டி வங்கியின் பணப் பரிமாற்ற அமைப்புக்குள் புகுந்து, ஏறக்குறைய 1 கோடி டாலரை வெவ்வேறு நாட்டுக் கணக்குகளுக்கு மாற்றினார். சுமார் 4 லட்சம் டாலர் போக மற்றது மீட்கப்பட்டது. அதன் பிறகு 1995இல் அந்த வங்கி ஸ்டீவ் கட்ஸ் என்பவரைப் பாதுகாப்புக்கென்றே மேல்மட்ட அதிகாரியாக அமர்த்தியது. உலகின் முதல் சிஐஎஸ்ஓ என்று அவரைத்தான் சொல்வார்கள். நம் ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளில், வங்கியின் சிஐஎஸ்ஓ ஐடி பிரிவுத் தலைவருக்கு நேரடியாகக் கீழ்ப்பட்டு இருக்கக் கூடாது, அவருக்கு வியாபார இலக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. லாரி முதலாளி கையால் சம்பளம் வாங்காதே என்பதுதான் அதன் தமிழ்.

சரி, நாள் முழுக்க என்ன செய்வேன்? காலையில் இரவு ஷிப்ட் அறிக்கை படிப்பேன். புதிய மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்று ஒரு கூட்டம். வாடிக்கையாளரின் ஆடிட்டர் அனுப்பிய கேள்விப் பட்டியலுக்குப் பதில். ஒரு விதிவிலக்குக் கோரிக்கை: 'இந்தப் பழைய சர்வரை இன்னும் மூன்று மாதம் பேட்ச் போடாமல் ஓட்ட அனுமதி வேண்டும்.' பேட்ச் என்பது மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம். அந்தக் கோரிக்கையைப் படித்து, நிபந்தனை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நாளை அந்த சர்வர் வழியாக யாராவது உள்ளே வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். விசைப்பலகையைப் படபடவென்று தட்டி ஒரே இரவில் உலகைக் காப்பாற்றும் வேலையைத் தேடி வருகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். நான் பார்த்தவரையில், முதல் வேலையிலிருந்து இந்த நாற்காலிக்கு வர 12 முதல் 18 வருடம் ஆகிறது.

முதல் படி: கணினி எப்படி ஓடுகிறது என்பதைக் கையால் தெரிந்துகொள்வது

ஒரு லேப்டாப் வேண்டும். புதிது தேவையில்லை. ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய அலுவலக மாடல்கள் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உழைக்கும். 16 ஜிபி ரேம் இருக்கட்டும், எஸ்எஸ்டி இருக்கட்டும். கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

அதில் ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஒரு பக்கம் பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் அடங்கிய காளி லினக்ஸ், இன்னொரு பக்கம் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற இயந்திரம். இரண்டும் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளட்டும். இதுதான் உங்கள் லேப். கற்க வேண்டியது: டிசிபி, டிஎன்எஸ், போர்ட் எண்கள் போன்ற நெட்வொர்க் அடிப்படைகள், லினக்ஸ் கட்டளைகள், விண்டோஸில் பயனர் உரிமை எப்படி வேலை செய்கிறது, கொஞ்சம் பைத்தான். ஒழுங்காக உட்கார்ந்தால் ஆறு மாதம். என்பிடெல் என்ற இணையப் பாடத்தளத்தில் நெட்வொர்க் பாடங்கள் இலவசம். போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி பயிற்சியும் இலவசம். காசு கேட்டால்தான் நல்ல பாடம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே செய்ய ஒரு பயிற்சி: நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற கருவியை ஓடவிட்டு, உங்கள் லேபிலுள்ள, மறைகுறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி லாகின் பக்கத்தில் ஒரு பாஸ்வேர்டை அடியுங்கள். பிறகு பிடிபட்ட பாக்கெட்டுகளில், அதாவது தரவுத் துண்டுகளில், தேடுங்கள். நீங்கள் அடித்த சொல், எழுத்துக்கு எழுத்து, பச்சையாக அங்கே கிடக்கும். பெட்டிக்கடையில் யாரோ மறந்துவிட்டுப் போன போஸ்ட்கார்டைப் படிக்கிற மாதிரி. பூட்டு அடையாளம் இல்லாத தளத்தில் பாஸ்வேர்ட் அடிக்காதே என்று ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை.

வீடு சின்னது, படிக்க இடமில்லை என்பவர்களுக்கு: கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்கவும் இடம் உண்டு. நான் படித்த காலத்தில் அப்படியொன்று இல்லை. மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். நான்கு மணிக்கு மேல் கடற்காற்று வரும், அதற்குள் பேட்டரி போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கற்றதைப் பக்கத்து வீட்டு வைஃபையிலோ கல்லூரி இணையதளத்திலோ முயன்று பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் தீய நோக்கோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறையோ 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம். 'சும்மா பார்த்தேன்' என்பதை ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். தற்செயலாக ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் நோண்டாமல், வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல், அந்த நிறுவனத்துக்கோ மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கோ எழுதுங்கள். வேலைக்குச் சேரும்போது போலீஸ் சரிபார்ப்பு வரும். இந்தத் துறையில் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

சான்றிதழ்கள், அவற்றை வைத்து நடக்கும் வியாபாரம்

ஆரம்பத்தில் ஒன்று போதும். காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ், அல்லது ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி. சிசியின் பயிற்சியையும் தேர்வையும் இலவசமாகவே தந்துவந்தார்கள், பதியும்முன் இன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிஇஎச் என்ற பெயர் எச்ஆர் ஆட்களுக்குப் பிடிக்கும், விலை அதிகம். ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு உடைத்துப் பார்த்து ஓட்டையைச் சொல்லும் வேலை, அந்தப் பக்கம் போக நினைத்தால் ஓஎஸ்சிபி. கிட்டத்தட்ட ஒரு முழு நாள் உட்கார்ந்து இயந்திரங்களை உடைத்துக் காட்டி, பிறகு அதற்கு அறிக்கையும் எழுதித் தர வேண்டிய தேர்வு. மனப்பாடம் அங்கே உதவாது.

தலைமைப் பதவிக்கு விளம்பரங்களில் கேட்பது சிஐஎஸ்எஸ்பி அல்லது சிஐஎஸ்எம். சிஐஎஸ்எஸ்பிக்கு, அவர்கள் வகுத்த எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். தகுந்த பட்டமோ அவர்கள் ஏற்கும் வேறு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழியும். ஆகவே "கல்லூரி முடிந்ததும் சிஐஎஸ்எஸ்பி" என்று யாராவது விளம்பரம் கொடுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். தேர்வு எழுதித் தேறலாம், அனுபவம் சேரும்வரை முழு உறுப்பினர் ஆக முடியாது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலைக்கு முன்னால் ஒரு பயிற்சி நிலையத்தில் 45 ஆயிரம் ரூபாய் கட்டினேன். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போன காசு. '100 சதவீத வேலை உத்தரவாதம்'. மூன்று மாதம் பைரேட்டட் வீடியோ போட்டுக் காட்டினார்கள். கடைசியில், இரண்டு வருட போலி அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தருகிறோம், அதற்கு இன்னும் 30 ஆயிரம் என்றார்கள். நல்லவேளை, கையில் காசு இல்லை. என்னோடு படித்த ஒருவன் வாங்கினான். சேர்ந்து எட்டாவது மாதம் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி அன்றே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்ற ஐடி வேலையில் அதற்குப் பிறகும் எங்கேயாவது தேறலாம். நம்பிக்கையை விற்கிற இந்தத் தொழிலில் அது பெரிய கறை.

இன்னொன்று, இதைவிட மோசம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று ஏஜென்ட் வந்தால் ஜாக்கிரதை. அப்படிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, மோசடிக் கூடங்களில் அடைபட்டு, நம் ஊர் ஆட்களுக்கே போன் போட்டு ஏமாற்ற வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் வேலை: இரவு ஷிப்ட்

பெரும்பாலோர் உள்ளே நுழையும் வாசல் எஸ்ஓசி, அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையம். எல்1, அதாவது முதல் நிலை அனலிஸ்ட் என்று பதவி. 24 மணி நேரமும் ஷிப்ட் ஓடும். சம்பளம் சாதாரண ஐடி ப்ரெஷர் சம்பளத்தை ஒட்டியே இருக்கும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ வந்த பிறகு வாழ்க்கை எளிது. கிண்டியில் இறங்கி ஓஎம்ஆருக்கு பஸ் மாறலாம். ஆனால் இரவு ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மெட்ரோ இருக்காது. கேப் உண்டா, பெண் பிள்ளைகளென்றால் கேப்பில் பாதுகாவலர் வருவாரா என்பதை ஆபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்னே கேளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் எடுக்கலாம் என்பேன். பயணத்தில் போகும் மூன்று மணி நேரம் படிக்க வேண்டிய மூன்று மணி நேரம்.

வேலை என்னவென்றால், நூற்றுக்கணக்கான இயந்திரங்களின் லாக், அதாவது நடந்ததையெல்லாம் பதியும் குறிப்பு, ஒரே இடத்தில் வந்து கொட்டும். சியம் என்ற மென்பொருள் அதை அலசி அலர்ட் அடிக்கும். நீங்கள் பார்த்து, நிஜமா பொய்யா என்று தீர்மானித்து டிக்கெட் எழுத வேண்டும். பத்தில் ஒன்பது பொய் என்றுதான் தோன்றும். அந்த அலுப்பில் பத்தாவதைக் கோட்டை விடுவதுதான் ஆபத்து.

சேர்ந்து மூன்றாவது வாரம், அதிகாலை 2.40. திரையில் ஒரே கணக்கிலிருந்து 4625, 4625, 4625 என்று வரிசையாகச் சிவப்பு. விண்டோஸில் 4625 என்றால் லாகின் தோல்வி. முந்நூறுக்கு மேல். எனக்குக் கை நடுங்கியது. யாரோ பாஸ்வேர்டை முட்டிப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எல்3 சீனியரை எழுப்பிவிட்டேன்.

"எந்த மெஷின்லேர்ந்து வருது?" என்றார்.

"பார்க்கல சார்."

"லாகான் டைப் என்ன?"

"தெரியல சார்."

"அந்த அக்கவுன்ட்ல 4624 ஏதாச்சும் வந்திருக்கா?"

4624 என்றால் லாகின் வெற்றி. அதையும் நான் பார்க்கவில்லை. போனிலேயே ஒவ்வொன்றாகத் தேட வைத்தார். கடைசியில் தெரிந்தது: மாலையில் யாரோ பேக்கப் மென்பொருளின் கணக்குக்குப் பாஸ்வேர்ட் மாற்றியிருக்கிறார்கள், மென்பொருளில் மாற்ற மறந்துவிட்டார்கள். அது பாவம், பழைய சாவியைப் போட்டுப் போட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "இப்ப நாலு வரி எழுது" என்றார். என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன். எது உறுதி. எது இன்னும் தெரியாது. என்ன செய்தேன், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். "இந்த நாலு வரி கையில இல்லாம இனிமே யாரையும் எழுப்பாத."

அந்த நான்கு வரிதான் நான் இந்தத் தொழிலில் கற்ற மிகப் பெரிய பாடம். இன்று இயக்குநர் குழுவுக்கு அனுப்பும் குறிப்பும் அதே நான்கு வரியில்தான் இருக்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இரவு ஷிப்டிலிருக்கும் எல்1 பிள்ளை எழுதிய குறிப்பு தெளிவாக இருந்தால் அறிக்கை ஒரு மணி நேரத்தில் தயார். குழப்பமாக இருந்தால் மற்ற ஐந்து மணி நேரம் 'அவன் என்ன சொல்ல வர்றான்' என்று கண்டுபிடிப்பதிலேயே போகும். ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எது தெரியும், எது தெரியாது என்பதைப் பிரித்து எழுதத் தெரிந்த பிள்ளையை எந்த மேனேஜரும் விடமாட்டார்.

கிளை பிரியும் இடம்

இரண்டு, மூன்று வருடம் எஸ்ஓசியில் ஊறிய பிறகு கிளை பிரியும். ஊடுருவல் சோதனை, சம்பவ மீட்பு, கிளவுட் பாதுகாப்பு, அப்புறம் ஜிஆர்சி எனப்படும் விதிமுறை, ஆடிட் பக்கம். பி.காம். பையனுக்கு ஜிஆர்சிதான் சொன்னேன். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் ஆடிட் என்பது கணக்குத் தணிக்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் சாட்சி கேட்பார்கள். வவுச்சர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சுலபம்.

ஆனால் நம் பகுதிப் பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கிளை இருக்கிறது. 'ஓடி' (OT) பாதுகாப்பு. ஆலையை, மின் நிலையத்தை, துறைமுகத்தை ஓட்டும் கணினிகளின் பாதுகாப்பு. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல் மின் நிலையம், எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம். சென்னையில் ஐடி என்றால் தெற்கே கைகாட்டுகிறார்கள். வால்வும் பாய்லரும் கிரேனும் இருப்பது நம் பக்கம்தான்.

துறைமுகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜூன் 27ஐப் பாருங்கள். உக்ரைனில் ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுக்கச் சாய்த்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் தப்பவில்லை. எந்தக் கன்டெய்னர் எங்கே என்று சொல்ல ஆளில்லாமல் கேட்டில் லாரிகள் நின்றன. 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் திரும்ப நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். இதில் எனக்குப் பிடித்த பகுதி: நெட்வொர்க்கின் பயனர் விவரம் முழுவதையும் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லா நாட்டிலும் அழிந்துபோக, கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை. மின்வெட்டு ஒரு கம்பெனியைக் காப்பாற்றிய கதை நமக்குத்தான் சரியாகப் புரியும்.

2015 டிசம்பர் 23இல் உக்ரைனில் மின் விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள் தூரத்திலிருந்தே பிரேக்கர்களைத் திறந்துவிட, சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் சில மணி நேரம் இருண்டன. 2017இல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு அமைப்பையே குறிவைத்தார்கள். இந்த வேலைக்கு வருகிற ஐடி பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி, இங்கே செவ்வாய்க்கிழமை பேட்ச் வந்தது, புதன்கிழமை போடு என்று சொல்ல முடியாது என்பது. அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும், அது ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை அந்த இயந்திரத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, சுவர் கட்டி, யார் தொடுகிறார்கள் என்று கண்காணிக்க வேண்டும். இன்ஸ்ட்ரூமென்டேஷன் டிப்ளமோ படித்து ஆலையில் ஷிப்ட் பார்த்தவருக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மிட் இல்லாமல் பேனலைத் தொடாதே, பூட்டுப் போட்டு டேக் மாட்டாமல் வேலையைத் தொடங்காதே என்று அவர் பத்து வருடமாகச் செய்துகொண்டிருப்பதே பாதி பாதுகாப்பு. அவர் நெட்வொர்க் கற்க ஆறு மாதம் போதும். ஐடி பையன் ஆலையைக் கற்க மூன்று வருடம் ஆகும். மத்திய மின்சார ஆணையத்தின் 2021 வழிகாட்டுதல்கள் மின் துறையில் சிஐஎஸ்ஓ நியமிக்கச் சொல்கின்றன. உலக அளவில் ஐஇசி 62443 என்ற தரநிலையைப் படியுங்கள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு, அதனால் மேலே போகும் வழியில் நெரிசலும் குறைவு.

மேனேஜர் ஆன பிறகு: ரூபாயில் பேசுவது

எட்டாவது, பத்தாவது வருடத்தில் பலர் இங்கேதான் நின்றுபோகிறார்கள். தொழில்நுட்பத்தில் புலி, ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியாது. என் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். 'கிரிட்டிகல் ஓட்டைகள் 214' என்று வண்ண வண்ண வரைபடத்தோடு போனேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு பெரியவர் கேட்டார்: "214 என்பது அதிகமா, கம்மியா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த முறை ஒரே பக்கம். 'பில்லிங் சர்வர் இரண்டும் பழையவை. அவை விழுந்தால் மீட்க நான்கு நாள். நான்கு நாள் பில் போடாவிட்டால் இவ்வளவு ரூபாய் தள்ளிப்போகும். மாற்ற ஆகும் செலவு இவ்வளவு. பேக்கப்பைக் கடைசியாகத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது என்று எங்களுக்கே தெரியாது.' கடைசி வரியைப் படித்ததும் அறை அமைதியானது. பணம் அன்றே கிடைத்தது. உறுதியானது எது, தெரியாதது எது. அதே நான்கு வரி.

ரூபாய்க் கணக்குக்கு இப்போது சட்டமும் கை கொடுக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். நிதிப் பிரிவுத் தலைவரோடு மாதம் ஒருமுறை டீ குடியுங்கள். பட்ஜெட் எப்போது பூட்டப்படுகிறது, எந்தச் செலவு எந்தத் தலைப்பில் போகும் என்பதை அவரிடம்தான் கற்க முடியும். சட்டப் பிரிவிலும் ஒரு நண்பர் வேண்டும்.

முகவரி பற்றி ஒரு வார்த்தை. ஒரு நேர்காணலில் என் ரெஸ்யூமைப் பார்த்தவர், "ஓ, நார்த் மெட்ராஸா" என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வேலை கிடைக்கவில்லை, காரணம் அதுதானா என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு ரெஸ்யூமில் வீட்டு முகவரி போடுவதை விட்டுவிட்டேன், யாரும் கேட்பதுமில்லை. பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் மெதுவாக, சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். அதற்கும் ஒரே பயிற்சி, வாரம் ஒரு சம்பவத்தை எடுத்து ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்து, நீங்களே கேட்பது. முதல் பதிவைக் கேட்கச் சகிக்காது. கேளுங்கள்.

நாற்காலி தேடி வரும்போது

கடைசிப் படியில் ஏறும் முன் இரண்டு வழக்குகளைப் படித்துவிடுங்கள். ஊபரில் 2016இல் 5.7 கோடிப் பேரின் தரவு களவுபோனது. பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் காலத்தில் களவாடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மூடினார்கள். அரசு விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அதை மறைத்ததற்காக 2022 அக்டோபரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2023 மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. சிறை இல்லை, ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, சோலார்வின்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம். நிறுவனத்தோடு சேர்த்து அதன் சிஐஎஸ்ஓ டிம் பிரவுன் மீதும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023 அக்டோபரில் வழக்குப் போட்டது. 2024 ஜூலையில் நீதிமன்றம் பெரும்பகுதியைத் தள்ளியது, 2025 நவம்பரில் ஆணையமே மீதியைக் கைவிட்டது. ஜெயித்தார் என்றாலும் இரண்டு வருடம் நிம்மதி போயிருக்கும்.

அதனால் பதவி தேடி வந்தால் சம்பளத்தை இரண்டாவதாகப் பேசுங்கள். முதலில் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். ஐடி தலைவரிடம் என்றால் ஏன் என்று கேளுங்கள். இயக்குநர் குழுவை வருடத்துக்கு எத்தனை முறை நேரில் பார்ப்பீர்கள்? இயக்குநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நிறுவனம் எடுக்கும் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பதவியும் வருகிறதா? விதிவிலக்கு அனுமதியில் உங்கள் கையெழுத்து மட்டுமா, அந்த வியாபாரப் பிரிவுத் தலைவரும் போடுவாரா? எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்பதையும் கேட்டேன். "தனிப்பட்ட காரணம்" என்றார்கள். அவரையே தேடிப்பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். அதன் பிறகு இரண்டு நிபந்தனைகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தேன்.

எல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாக வரட்டும். வந்த பிறகு பழைய இடத்தில் ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் பெரும்பாலும் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில், இதுவரை நீங்கள் கையெழுத்துப் போட்ட விதிவிலக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் முடித்தோ அடுத்தவர் பெயருக்கு மாற்றியோ விட்டு வாருங்கள்.